கீழேயிருந்து வந்த வெயில்

நான் பௌதிக டீச்சர். ஒளி எந்தச் சாய்வில் போய் மோதுகிறதோ அதே சாய்வில் திரும்பும் என்று கரும்பலகையில் எழுதினால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் மறுத்துப் பேசியதில்லை. கொட்டாவி விடுவார்கள், அவ்வளவுதான். அதையே ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். அடிக்காததுதான் குறை.

எல்லாம் மொன்யாங்கியின் கூரையால் வந்தது. மொன்யாங்கி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட மூத்தவள், வாய் ஊர் கொள்ளாது, மனசு தங்கம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வாழையையும் தேயிலையையும் பார்த்துக்கொண்டு மகள் சராங்கேயை ஆளாக்கினாள். இத்தனை வருஷமும் புல்கூரைதான். மழை பிடித்தால் எந்தச் சட்டியை எந்த ஒழுகலுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். எங்கள் பெண்கள் சங்கத்தில் முறை வைத்து ஒவ்வொருத்திக்கும் கூரைத் தகரம் வாங்கிக் கொடுப்போம். போன ஆகஸ்டில் அவள் முறை வந்தது. தகரம் ஏறிய அன்று அவள் ஆடிய ஆட்டத்தில் கோழியெல்லாம் மரத்தில் ஏறிக்கொண்டன.

எங்கள் கிசி மலைப்பக்கம் ஒரு வீட்டை யாரும் வாசலில் நின்று எடைபோடுவதில்லை. எதிர் மேட்டில் நின்று பார்ப்பார்கள். கூரை பளபளவென்று மின்னினால் அந்த வீடு தலையெடுத்துவிட்டது. புல்லாகக் கிடந்தால் பாவம், இன்னும் நேரம் வரவில்லை. சாயம் பூசியிருந்தால்தான் ஆகவே ஆகாது. துருவை மறைக்கிறார்கள், எங்கேயோ பிரித்துப்போட்ட பழைய தகரம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். புதுத் தகரத்தின் மினுக்கே இரண்டு மழைக்காலம்தான் தாங்கும். அந்த இரண்டு மழைக்காலத்துக்குள் சராங்கேக்குக் கல்யாணம் முடிய வேண்டும் என்பது மொன்யாங்கியின் கணக்கு.

மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். பெயர் மகோரி, சந்தையில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், தங்கமான பையன். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவன் வீட்டார் பெண்ணுக்கு எத்தனை மாடு சீர் கொடுப்பது என்று பேச வருவதாக முடிவாயிற்று. அன்று முதல் மொன்யாங்கி அவன் கண்ணில் படுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வழக்கம் அப்படி. மாமியாரும் மருமகனும் கை குலுக்க மாட்டார்கள், கிட்ட நிற்க மாட்டார்கள், அது பெரிய வெட்கம். சந்தையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், இந்தப் பெரிய பொம்பளை முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அந்த மாதத்தில்தான் எதிர் மேட்டு வளைவில் வண்டிகள் விழ ஆரம்பித்தன. சந்தையிலிருந்து வரும் சாலை அந்த மேட்டின் முதுகில் ஓடிவந்து, எங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சரேலென்று இறங்கித் திரும்பும். முதலில் ஒரு கரிவண்டி சாய்ந்தது. பிறகு ஒரு மாட்டுக்காரர் மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகு நியபூட்டோ. மூன்று வாழைத்தார், ஒரு தட்டு முட்டை, அவன், மோட்டார் சைக்கிள், எல்லாம் சேர்ந்து வாய்க்காலில் கிடந்தன. கால் எலும்பு முறிந்துவிட்டது.

"குடிச்சிருப்பான்," என்றது ஊர்.

"சத்தியமா இல்ல டீச்சரம்மா," என்றான் நியபூட்டோ, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. "கீழேருந்து வெயில் வந்துச்சு."

"என்னது?"

"மேலேருந்து வர்ற வெயிலுக்குத்தான் ஹெல்மெட்ல மறைப்பு இருக்கே. இது கீழேருந்து வந்து கண்ணுல குத்திடுச்சு. சொன்னா சிரிக்கிறாங்க."

நான் சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் நேரே போய் அந்த வளைவில் நின்றேன். நாலு மணியை ஒட்டி, பள்ளத்துக்குள்ளிருந்து இன்னொரு சூரியன் என் முகத்தில் அறைந்தது. சற்று நேரம் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். மொன்யாங்கியின் கூரை. அதில் இரண்டு தகடு நான் போட்டது. அட கடவுளே, வேறு யாருடைய கூரையாகவாவது இருக்கக் கூடாதா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லாமல் இருக்கவும் முடியாது. அடுத்து விழுகிறவனுக்குக் காலோடு போகும் என்று என்ன நிச்சயம்? எங்கள் வட்டாரத்து அரசாங்க அதிகாரி சீஃப் ஒம்பாசாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் ஒரு உத்தரவு போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். உடனே போட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் மொன்யாங்கி கூரைக்குக் கறுப்புச் சாயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் தகரத்தைக் கழற்றுவோம். காரணத்தை நீயே வந்து விளக்கு என்று என்னையும் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நான் ஒரு பானை மூடியையும் ஒரு தொட்டித் தண்ணீரையும் எடுத்துப்போயிருந்தேன். தண்ணீரில் விரலால் தட்டி அலை எழுப்பிக் காட்டினேன். அலை சாய்வாகப் போய்த் தொட்டிச் சுவரில் மோதி அதே சாய்வில் மறுபக்கம் திரும்பியது. ஒளியும் இப்படித்தான், அதுவும் ஒரு அலைதான் என்றேன். பிறகு மூடியை வெயிலில் பிடித்து வெளிச்ச வட்டத்தைச் சீஃப்பின் நெற்றியில் விழவைத்தேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கையை ஆட்டினார். கூட்டம் கைதட்டியது. மூடியில் ஈரச் சாம்பலைப் பூசிவிட்டு மறுபடி பிடித்தேன். வட்டம் காணோம். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிப்போயிற்று, ஒரே கண்ணில் போய்க் குத்தவில்லை. இதற்குத்தான் சாயம் என்றேன். கைதட்டல் நின்றுவிட்டது.

"இந்தச் சட்டத்த எந்தப் பார்லிமென்ட்டுல போட்டாங்க டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரும் போடலங்க. எப்பவும் இருக்கு."

"அப்ப லஞ்சம் யாருகிட்ட குடுக்கறது?"

சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "சீஃப் வீட்டுக் கூரையுந்தான் மின்னுது. அதுக்குச் சாயம் இல்லையா?"

"அது சாலைப்பக்கம் திரும்பல," என்றேன். உண்மையும் அதுதான்.

"பாத்தியாடி, வெளிச்சத்துக்குக்கூட சீஃப்னா பயம்!"

மொன்யாங்கி எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"சீஃப், நீங்க பெரியவங்க. ஒண்ணு கேக்கறேன். சனிக்கிழம என் வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. எதிர் மேட்டுல நின்னு பாப்பாங்க. புதுத் தகரத்துக்கு எவளாவது சாயம் பூசுவாளா? பழைய தகரத்த ஒட்டுப்போட்டு வச்சிருக்கான்னு சொல்ல மாட்டாங்களா? என் மகள அப்படிப்பட்ட வீட்டுலேருந்தா அனுப்பணும்?"

"ஆளு விழுறாங்கம்மா மொன்யாங்கி," என்றார் சீஃப்.

"விழுறவன் மெதுவா ஓட்டட்டும். எல்லாரும் ரோட்டுல போறாங்க, எல்லார் கண்ணும் முக்கியம். சரி. விலைய மட்டும் நான் ஒருத்தி ஏன் குடுக்கணும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் ரெண்டு தகடு போட்டவதானே டீச்சரம்மா? அன்னைக்கு என்கூட ஆடினியே. உன் ஒளி அன்னைக்கு எங்க போயிருந்துச்சு?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஒளியின் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், சீஃப்புக்கும் ஒன்றுதான். சீஃப்பின் சட்டம் பள்ளத்தில் இருக்கும் ஒரே ஒருத்தியின் தலையில் போய் விழுந்தது. ஊருக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் என்ன? ஆனால் நியபூட்டோவின் காலும் பொய்யில்லையே. கூட்டம் கலைந்தபோது என்னோடு யாரும் பேசவில்லை. பொழுது சாய்ந்ததும் நான் அவள் வீட்டு வேலியருகே போய், "அக்கா, சாயம் வேண்டாம், வெளிச்சம் அடிக்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் கூரைமேல சாக்கு விரிச்சா போதும்," என்றேன்.

"என் வீடு என்ன குப்பமேடா?" என்று கேட்டு வேலிப்படலைச் சாத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சீஃப்பின் ஆள் ஏணியும் சாயடப்பாவுமாக வந்தான். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் கால்நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "ஏறுடா ராசா, எங்க மேல கால வச்சு ஏறு," என்றாள் ஒருத்தி. அவன் ஏணியைச் சுவரில் சாத்தியது சாத்தியபடி விட்டுவிட்டு டப்பாவோடு ஓடினான். சீஃப் தலையில் அடித்துக்கொண்டு, திங்கட்கிழமை நானே வருவேன், தகரம் இறங்காமல் போகமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை விடிந்தது. அவள் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன். பக்கத்து வீட்டில் பெண் பேச வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார நான் என்ன கல்லா? மொன்யாங்கி என்னைப் பார்த்தாள், கத்தியையும் ஒரு கட்டுக் கீரையையும் என் மடியில் போட்டாள். நான் அரிய ஆரம்பித்தேன். கோழி வெந்துகொண்டிருந்தது, களி கிண்ட மாவு தயாராக இருந்தது. சராங்கே தலைவாரிக்கொண்டு உள்ளே இருந்தாள். வாசலில் ஒரு நாற்காலியில் புதுக் கம்பளிகள் நாலு மடித்து அடுக்கியிருந்தன. சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்க மொன்யாங்கி வாங்கியவை.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். உச்சி வெயில் கூரையில் பட்டு மறுபடி ஆகாயத்துக்கே போய்விடும், சாலைப்பக்கம் வராது. வந்து சேர்ந்துவிட்டால் போதும் என்று இருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் கல்யாணக் காரியத்துக்குச் சொன்ன நேரத்துக்கு எவர் வந்திருக்கிறார்? ஒரு மணி ஆயிற்று. சராங்கே போன் பண்ணினாள். "இதோ வந்துட்டோம்" என்றார்கள். அதாவது இன்னும் குளிக்கவில்லை. இரண்டு மணிக்கும் "வந்துட்டோம்". மூன்று மணிக்கு வேன் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதாம். நான் கீரையை விட்டுவிட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அந்த நேரத்துக்கு எப்போதும் மேகம் கூடும். அன்று பார்த்து ஒரு பஞ்சுத்துண்டுகூட இல்லை.

மூன்றரைக்கு மேல் சராங்கே வெளியே ஓடிவந்தாள். "அம்மா, சந்தையத் தாண்டிட்டாங்களாம்! மகோரி வண்டியில முன்னாடி வர்றாராம், பெரியவங்க வேன்ல பின்னாடி!"

பெண்கள் குலவையிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். சந்தையிலிருந்து அந்த வளைவுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று என்னைப் போலவே மொன்யாங்கிக்கும் தெரியும்.

"அக்கா," என்றேன்.

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு எதிர் மேட்டைப் பார்த்தாள்.

"போன் பண்ணி நிக்கச் சொல்லு," என்றாள் மகளிடம்.

சராங்கே அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? வேனில் இருந்தவர்களுக்குப் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

மொன்யாங்கி என்னைப் பார்த்து, "நாசமாப் போக உன் சட்டம்," என்று சொல்லிவிட்டு, சம்பந்திக்கு வைத்திருந்த நாலு கம்பளியையும் வாரியெடுத்தாள். சீஃப்பின் ஆள் விட்டுப்போன ஏணி சுவரில் அப்படியே சாய்ந்திருந்தது. புதுச் சட்டையோடு, புது முக்காட்டோடு அதில் ஏறினாள். உச்சி வெயிலிலிருந்து காய்ந்து தகரம் முழுதும் கொதித்துக் கிடந்தது. முதல் கம்பளியை உதறி விரித்தாள்.

"என்னடி பாத்துட்டு நிக்கிறீங்க? துணி குடுங்க!"

பெண்கள் பாவாடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த லேசோ துணிகளை அவிழ்த்தார்கள். விருந்துக்கென்று பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துணிகள். ஒருத்தி படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தாள், ஒருத்தி ஜன்னல் திரையைப் பிடுங்கினாள். நான் ஏணியின் பாதியில் நின்று வாங்கி வாங்கி மேலே வீசினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தி தன் கையாலேயே தன் பெருமையை மூடிக்கொண்டிருக்கிறாள், அதற்கு நான் துணி எடுத்துக் கொடுக்கிறேன்.

வெளிச்சம் இன்னும் போகிறதா இல்லையா என்று கீழே இருக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்? நியபூட்டோவுக்குப் போன் போட்டேன். அவன் வளைவுக் கடையில்தான் காலை நீட்டிப் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பான்.

"அய்யோ டீச்சரம்மா, என்ன நடக்குது அங்க? பாதிச் சூரியன் அணஞ்சுடுச்சு!"

"மீதி எங்கடா எரியுது? சீக்கிரம் சொல்லு!"

"இடது பக்கம்! இடது!"

"அக்கா, இடது பக்கமாம்!"

"அங்க இல்ல, என் இடது! உங்க வலது! அந்த மூல, ஓரமா!"

வலது மூலை திறந்து கிடந்தது. துணி தீர்ந்துவிட்டது. மொன்யாங்கி முக்காட்டை அவிழ்த்துப் போட்டாள். அது போதவில்லை. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. எத்தனையோ நாள் முட்டைக்கோஸுக்குப் பின்னால் அவளைக் குந்தவைத்த அதே சத்தம். அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு பாவாடையை விரித்துப் பரப்பிக்கொண்டு அந்த மூலையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அணஞ்சுடுச்சு!" என்று போனில் கத்தினான் நியபூட்டோ. "முழுசா அணஞ்சுடுச்சு! இதோ மகோரி வர்றான். திரும்பிட்டான். வேனும் திரும்பிடுச்சு. ஒண்ணும் ஆகல!"

நான் ஏணியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. வந்துவிட்டார்கள். மகோரி வண்டியை வாசலில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி நிமிர்ந்தான். அவன் தலைக்கு மேலே, முக்காடில்லாத தலையோடு, மாமியார் கூரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வெட்கம் உண்டா? அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவன் தீயை மிதித்தவன் மாதிரி திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். வேனிலிருந்து இறங்கிய பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கம்பளி, ஜன்னல் திரை, பூப்போட்ட விரிப்பு.

"புதுத் தகரம் போட்ட வீடுன்னு சொன்னாங்க," என்றார். "எதிர் மேட்டுலேருந்து பாத்தோம். துணி காயப்போட்ட மாதிரில்ல இருக்கு. இன்னைக்குத்தானா தொவைக்கிற நாளு?"

சராங்கே கதவோரமாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். ஒளி, கோணம், சாய்வு என்று ஆரம்பித்திருப்பேன். அதற்குள் மகோரி பேசினான். திரும்பாமலே, முதுகைக் காட்டியபடியே.

"அப்பா, நான் உங்ககிட்ட சொல்லல. இந்த வாரத்துல ரெண்டு தடவ அந்த வளைவுல விழப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டுத்தான் திரும்புவேன். இன்னைக்கும் மூடிக்கிட்டுத்தான் வந்தேன். வெளிச்சம் அடிக்கல. தொறந்து பாத்தேன். ரோடு தெரிஞ்சுது. மேல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. நான் முழுசா வந்து சேந்துட்டேன்னு."

பெரியவர் மகனையும் கூரையையும் எதிர் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கூரையிலிருந்து, முகத்தை மூடிய கைகளுக்குள்ளிருந்து மொன்யாங்கியின் குரல் வந்தது. "சொன்னது கேட்டுச்சு. அவர வீட்டுக்குப் பின்பக்கம் போகச் சொல்லுங்க. நான் எறங்கணும். தகரம் சுடுது!"

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மகோரி ஓடியே போய்விட்டான், நாங்கள் அவளை இறக்கினோம்.

சாப்பாடு முடிந்து மாட்டுப் பேச்சு நல்லபடியாக ஓடியது. ஐந்து மணியானதும் பெரியவர் தாமாகவே எழுந்தார். "சரி, இப்ப அந்தக் கூரையக் காட்டுங்க. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

சங்கத்துப் பெண்கள் ஏறி ஒவ்வொரு துணியாக எடுத்தார்கள். தகரம் பளபளவென்று வெளியே வந்தது. நியபூட்டோவிடம் கேட்டேன், வளைவில் ஒன்றும் இல்லை என்றான். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "நல்ல தகரம்," என்றார், "சாயம் கீயம் பூசிடாதீங்க." மொன்யாங்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திங்கட்கிழமை சீஃப் வந்தபோது, அந்த ஒரு மணி நேரம் துணி விரிக்க வாடகை வண்டிக்காரப் பையன்களே முறை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் தகரப் பேச்சையே எடுக்கவில்லை, ஏணியை மட்டும் திருப்பிக் கேட்டார். அதையும் அவர்கள் கொடுக்கவில்லை.

ஆனால் அது பிறகு நடந்தது. அன்று விருந்தாளிகள் போன பின் மொன்யாங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் சட்டம் இப்ப எங்க இருக்கு டீச்சரம்மா?"

"சூரியன் எறங்கிடுச்சுல்ல அக்கா. வெளிச்சம் கீழ வாழத்தோப்புக்குள்ள போயிடுச்சு."

"அங்கயே கெடக்கட்டும்," என்றாள்.

சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விடாமல் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன. அந்தக் கையாலேதான் அத்தனை பேருக்கும் சூடாகக் களி கிண்டிப் போட்டிருந்தாள்.